பழைய பைக் ஆன்லைன்ல வாங்குறவங்க, விக்கிறவங்க ரெண்டு பேரும் காசு அனுப்புறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

ஒன்னேகால் லட்சம் போற கிளாசிக் 350-ய எவனாவது 45,000-னு போட்டிருந்தா அங்கயே தள்ளி விட்டுட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போயிடுங்க. இது என் மச்சானுக்கும் தெரியும். ஆனா அப்படி ஒரு விளம்பரத்தப் பாத்து இவன் போன் பண்ணினப்ப, அந்தப் பக்கம் பேசினவன் "ஆர்மில இருக்கேன் பிரதர், காஷ்மீருக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, வண்டிய எடுத்துட்டுப் போக முடியாது"ன்னு சொல்லி யூனிஃபார்ம் போட்டோ, ஆதார், கேன்டீன் கார்டு, ஆர்சி எல்லாத்தையும் வாட்ஸப்ல தள்ளினதும் மனுஷன் கவுந்துட்டான். வண்டி ஏர்போர்ட் பார்க்கிங்ல நிக்குதாம், ஆர்மி பார்சல்லயே வீட்டு வாசலுக்கு வந்துடுமாம், இப்போதைக்கு பார்சல் சார்ஜ் 2,150 மட்டும் போட்டா போதுமாம். அதப் போட்டதும் கேட் பாஸ், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் ஏதோ லேட் ஃபீஸ், எல்லாமே ரீஃபண்ட் ஆயிடும்னு வேற சொல்லிருக்கான். போட்ட காசு போயிடக் கூடாதேன்னு அடுத்த காசப் போட்டு போட்டு மொத்தம் 19,000 போச்சு.

இதுல ஒரு கூத்து என்னன்னா அந்த ஆர்சி ஒரிஜினல் தான். நம்பர அடிச்சுப் பாத்தா அதே மாடல், அதே கலர், எல்லாம் சரியா வரும். ஏன்னா அது வேற யாரோ பாவம் வண்டி விக்க விளம்பரம் போட்டப்ப, வாங்குற மாதிரி பேசி இவனுங்க வாங்கி வெச்ச காப்பி. அதனால விக்கிறவங்க மொதல்ல இதப் பண்ணாதீங்க, முகம் தெரியாத ஆளு கேட்டான்னு ஆர்சியும் ஆதாரும் வாட்ஸப்ல அனுப்பாதீங்க. அனுப்பியே ஆகணும்னா சேஸிஸ் நம்பரோட (வண்டி ஃபிரேம்ல அடிச்சிருக்க நம்பர்) கடைசி 5 எழுத்து, எஞ்சின் நம்பர் ரெண்டையும் மறைச்சிட்டு அனுப்புங்க, ஆர்டிஓ ஆன்லைன் வேலைக்கெல்லாம் அந்தக் கடைசி 5 தான் சாவி மாதிரி.

சரி நேர்ல போய் வண்டியப் பாத்துட்டா பிரச்சினை இல்லைல்லன்னு கேப்பீங்க. இருக்கு, அது தான் இன்னும் மோசம். நீங்க உங்க பல்சர 70,000-னு போட்டிருக்கீங்கன்னு வைங்க. நடுவுல ஒருத்தன் உங்க போட்டோவ எடுத்து அதே வண்டிய 50,000-னு வேற விளம்பரம் போடுவான். அங்க வர்றவர்கிட்ட "வண்டி என் மச்சினன் வீட்ல இருக்கு, போய் பாருங்க, அவரு எனக்கு காசு தரணும், அதனால ரேட்ட மட்டும் அவர்கிட்ட பேசாதீங்க"ம்பான். உங்ககிட்ட போன் பண்ணி "எங்க சித்தப்பா பையன் வருவாரு, காசு நான் தான் குடுக்குறேன், ரேட் பேசிக்காதீங்க"ம்பான். ரெண்டு பேரும் நல்லவங்க, ரெண்டு பேரும் எதிரெதிரே நின்னு வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாத்து சிரிச்சுப் பேசிட்டு ரேட்டப் பத்தி மட்டும் வாயத் திறக்க மாட்டாங்க, வாங்க வந்தவரு அங்கயே நின்னு 50,000-த்த நடுவுல இருக்கவனுக்கு ஜிபே பண்ணிட்டு சாவியக் கேப்பாரு. நீங்க காசு வரலையேம்பீங்க. அதோட தெருவுல சண்டை, அவன் போன் சுவிட்ச் ஆஃப். இதுக்கு மருந்து ரொம்ப சிம்பிள், வண்டி முன்னாடி நிக்கிற ஆள்கிட்ட "அண்ணே, நீங்க எவ்வளவு சொல்றீங்க?"ன்னு வாயத் திறந்து கேளுங்க. ஆர்சில யாரு பேரோ அவங்க அக்கவுன்ட்டுக்கு மட்டும் தான் காசு போகணும், மச்சினன், பார்ட்னர், "நான் தான் நிஜ ஓனர்"னு போன்ல சொல்றவன் யாருக்கும் கிடையாது.

வாங்குறப்ப கவர்மென்ட்டோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரப் போட்டா மாடல், ரிஜிஸ்டர் ஆன தேதி, இன்சூரன்ஸ், பைனான்ஸ் இருக்கா இல்லையான்னு வரும். டியூ முடிஞ்சிருச்சுன்னு வாயில சொன்னா போதாது, பைனான்ஸ் கம்பெனி குடுக்குற என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைன்னு லெட்டர்) ஃபார்ம் 35-ம் கையில இருக்கணும், இல்லன்னா ஹெச்பி, அதாவது ஆர்சில இருக்க கடன் பதிவு, கேன்சல் ஆகாது. அப்புறம் குனிஞ்சு சேஸிஸ் நம்பரப் பாருங்க, நிறைய வண்டில ஹேண்டில்பார்க்கு கீழ ஃபிரேம் கழுத்துல பஞ்ச் பண்ணிருப்பாங்க, துணியால தொடச்சிட்டு ஆர்சியோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. அந்த இடத்துல மட்டும் புது பெயின்ட், அரம் போட்ட தடம், எழுத்து கோணல்மாணல்னா கிளம்பிடுங்க, காரணம் எல்லாம் கேக்காதீங்க. தமிழ்நாடு போலீஸ் சிட்டிசன் போர்ட்டல்ல வெஹிக்கிள் ஸ்டேட்டஸ் பாக்குற வசதி இருக்கு, திருட்டு வண்டியான்னு அங்கயும் ஒரு தடவை தேடிடுங்க. இ-செலான் (டிராஃபிக் ஃபைன்) பாக்கி இருந்தா அத ரேட்ல கழிச்சிக்கோங்க.

இப்ப விக்கிற பக்கம். "அட்வான்ஸ் போடுறேன், இந்த க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க"ன்னு ஒருத்தன் அனுப்புவான். காசு வாங்குறதுக்கு எந்த ஊர்லயும் ஸ்கேனும் வேணாம், யுபிஐ பின்னும் வேணாம். பின் அடிச்சா காசு உங்க அக்கவுன்ட்ல இருந்து போகுதுன்னு தான் அர்த்தம். சிலர் மொதல்ல 1 ரூபா நிஜமாவே அனுப்பி நம்ப வெப்பாங்க. ஸ்கிரீன்ஷாட்ட நம்பாதீங்க, எஸ்எம்எஸ்ஸையும் நம்பாதீங்க, உங்க பேங்க் ஆப்ப நீங்களே திறந்து பேலன்ஸப் பாருங்க, அதுக்கப்புறம் சாவி. உங்க போன தூரத்துல இருந்தே பாக்குற எனிடெஸ்க் மாதிரி ஆப் ஏதாவது இன்ஸ்டால் பண்ணச் சொன்னா போன கட் பண்ணிடுங்க.

டெஸ்ட் டிரைவ்னு சொல்லிட்டு அப்படியே போனவனுங்க நிறைய. அவன் வந்த பழைய வண்டிய விட்டுட்டுத்தான போறான்னு நினைக்காதீங்க, அதுவே திருட்டு வண்டியா இருக்கலாம். பின்னாடி நீங்க ஏறிக்கோங்க, முடியலன்னா முழுப் பணத்தையும் கையில வாங்கி வெச்சுட்டு விடுங்க.

கடைசியா எல்லாரும் சோம்பேறித்தனம் பண்ற இடம், நேம் டிரான்ஸ்ஃபர். ஓனர் பேர மாத்துற ஃபார்ம் 29, 30-ல வெறும் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு "கன்சல்டிங்காரர் பாத்துப்பாரு"ன்னு வந்துடுவோம். சட்டப்படி ஒரே ஸ்டேட்குள்ள வித்தா விக்கிறவரு 14 நாளுக்குள்ள, வாங்குறவரு 30 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும். ஆர்சில யாரு பேரு இருக்கோ அவரு தான் ஓனர், ஆக்சிடென்ட் நஷ்ட ஈடும் அவரு தலையிலன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. நீங்க வித்த வண்டில எவனோ செயின் அறுத்தா மொதல்ல உங்க வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்க. அதனால டெலிவரி நோட்ல (வண்டிய ஒப்படைச்சதா எழுதுற பேப்பர்) தேதி மட்டும் போதாது, மணியும் எழுதுங்க, வாங்குறவரு ஐடி காப்பில அவரு கையெழுத்து வாங்குங்க, வண்டியோட அவர நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுங்க. இன்சூரன்ஸையும் மாத்தச் சொல்லுங்க.

ஏற்கனவே காசு போயிருச்சுன்னா வெக்கப்பட்டுட்டு உக்காராம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு அடிங்க, யுடிஆர் நம்பர் (காசு அனுப்பினதுக்கு வர்ற டிரான்ஸாக்ஷன் நம்பர்), தேதி, தொகை கையில வெச்சுக்கோங்க, சீக்கிரம் சொன்னா அந்தக் காசு இன்னொரு அக்கவுன்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள பேங்க்ல நிறுத்த வாய்ப்பிருக்கு. என் மச்சான் அக்காவுக்குத் தெரிஞ்சா திட்டுவாளேன்னு மூணு நாள் கழிச்சுத்தான் வாயத் திறந்தான், அதுக்குள்ள அந்த அக்கவுன்ட்ல மிச்சம் இருந்தது 12 ரூபா.