வான்சே முகாமுக்குப் போகும் முன்

லெஸ்ராங் என்பது, தப்பில்லாமல் யோசிக்கப் பழகுபவர்கள் எழுதிப் பேசும் இணையதளம். அந்த ஆட்களின் சந்திப்புக்கு முதல்முறை வர நினைப்பவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி: "அவர்கள் எழுதியதை எல்லாம் படித்துவிட்டுத்தான் வரணுமா?" வேண்டாம். 2009-இல் எலியேசர் யுட்கோவ்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் தொடங்கிவைத்த தளம் இது. இத்தனை வருடத்தில் சேர்ந்திருக்கும் எழுத்தை ஒருவர் முழுக்கப் படித்து முடிப்பது கஷ்டம். படிப்பைவிட, நீங்கள் மனசார நம்புகிற கருத்து ஒன்றைக் கொண்டுவாருங்கள். அது தப்பென்று தெரிந்தால் விட்டுவிடவும் தயாராக வாருங்கள். அது போதும்.

நான் திண்டுக்கல்காரி. பெர்லினில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மாதாந்திரச் சந்திப்புகளுக்குப் போக ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது, அவர்கள் வருடா வருடம் பெர்லினில் நடத்தும் முகாமுக்கு நான்கு முறை போயிருக்கிறேன்.

முகாமுக்கு முன்னால் உள்ளூர்ச் சந்திப்பு ஒன்றுக்காவது போய்ப் பாருங்கள். லெஸ்ராங்கிலும் எழுதிய ஸ்காட் அலெக்சாண்டர் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் வலைப்பதிவு வாசகர்கள் வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், உலகம் முழுக்கப் பல ஊர்களில் கூடுவார்கள். பெங்களூரிலும் நடக்கும். புதியவர்கள் நிறைய வருவதால் கூச்சம் இருக்காது. பேச்சில் 'ப்ரையர்', 'அப்டேட்' என்று வந்துகொண்டே இருக்கும். ஒன்றைப் பற்றிப் புதுச் செய்தி வருவதற்கு முன் எவ்வளவு நம்பினீர்களோ அது ப்ரையர். செய்தி வந்தபின் அந்த அளவை மாற்றிக்கொள்வது அப்டேட். வேறு சொல் எது வந்தாலும் உடனே அர்த்தம் கேளுங்கள். அங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை, நிறுத்தி விளக்குவார்கள்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்துவிட்டு வந்தால் நல்லது. சரியான விடை தெரியாத பத்துக் கேள்விகளை எடுங்கள்: காவிரியின் நீளம், ஈபிள் கோபுரத்தின் உயரம், இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் "இதற்குக் குறையாது, இதற்கு மேல் போகாது" என்று இரண்டு எண் எழுதுங்கள். உண்மையான விடை அதற்குள் இருக்கும் என்பதில் உங்களுக்குத் தொண்ணூறு சதவீத நம்பிக்கை இருக்கும்படி எழுத வேண்டும். நம் நம்பிக்கை சரியான அளவில் இருந்தால் பத்தில் ஒன்பது உள்ளே விழ வேண்டும். எனக்கு முதல்முறை நான்குதான் விழுந்தது. ஈபிள் கோபுரத்துக்கு 180 முதல் 250 மீட்டர் என்று எழுதியிருந்தேன். அது 330 மீட்டர். 'எனக்குத் தெரியும்' என்று தோன்றுவது வேறு, தெரிந்திருப்பது வேறு என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தாங்கள் சொல்வது நடக்கும் என்று பந்தயம் கட்டுவதும் அங்கே வழக்கம். காசு கொஞ்சம்தான், கணக்கு முக்கியம். அமெரிக்க வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் (இது ஆள் பெயர், மேலே சொன்ன 'ப்ரையர்' இல்லை) 1950-இல் சொன்ன முறையை நான் நோட்டில் போட்டு வருகிறேன். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று வைத்து, நாம் சொன்ன எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கினால் வருவதுதான் பிழை. நாளைக்கு மழை என்று 0.9 நம்பிக்கையோடு சொல்லி, மழை பெய்தால் பிழை 0.01. பெய்யாவிட்டால் 0.81. இரண்டுக்கும் நடுவே 0.5 என்று சொல்லியிருந்தால் எது நடந்தாலும் 0.25. அடித்துச் சொல்லித் தவறும்போது எவ்வளவு பெரிய விலை என்று பாருங்கள்.

இனி முகாம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் வருடா வருடம் கோடை முடியும் சமயத்தில் பெர்லினில் கூடுகிறார்கள், பத்து வருடத்துக்கும் மேலாக. நான் போனது வான்சே ஏரிக்கரையில் இருக்கும் இளைஞர் விடுதியில், வெள்ளி முதல் திங்கள் வரை. எஸ்-பானில் நிகோலாசே ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம். தேதியையும் இடத்தையும் அந்தந்த வருடம் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வருவதாக இருந்தால் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். நேர்காணல் தேதி கிடைப்பதிலேயே நாள் போய்விடும். அதனால் முகாமில் இடம் உறுதியானதும் அழைப்புக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள். அறையில் நான்கு பேர், அடுக்குக் கட்டில். காதடைப்பான் கொண்டுவாருங்கள், நீச்சல் உடையும்.

உள்ளே போனதும் சுவரில் பெரிய கால அட்டவணை இருக்கும், பெரும்பாலும் காலிக் கட்டங்களோடு. வந்தவர்களே சின்னச் சீட்டில் தலைப்பை எழுதி ஒட்டுவார்கள். நீங்களும் ஒட்டுங்கள். முதல் வருடம் நான் சாஃப்ட்வேரில் 'பக்', அதாவது பிழை, எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று ஒரு மணி நேரம் பேசினேன். ஏழு பேர் வந்தார்கள், அதில் இருவர் இன்றுவரை நெருங்கிய நண்பர்கள். எந்த அமர்விலும் உங்களுக்குக் கற்க ஒன்றுமில்லை, கொடுக்கவும் ஒன்றுமில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போகலாம். இதை இரண்டு கால் விதி என்பார்கள். பேசுகிறவர் முன்னால் பாதியில் எழுவதென்றால் நம் வளர்ப்புக்கு உடம்பே கூசும். எனக்கு அந்தக் கூச்சம் போக இரண்டு முகாம் ஆயிற்று. எழுந்து போனால் பேசுகிறவர் கோபப்படுவதில்லை, நீங்களும் தயங்க வேண்டாம்.

முகாமில் ஒரே ஒரு விஷயம்தான் கற்க முடியும் என்றால் 'டபுள் கிரக்ஸ்' கற்றுக்கொள்ளுங்கள். 2012-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய, தெளிவாக யோசிக்கச் சொல்லித்தரும் சிஃபார் என்ற மையத்துப் பயிற்சி அது. இருவர் மாறுபடும்போது ஒவ்வொருவரும் தன்னையே கேட்க வேண்டிய கேள்வி: "எது பொய்யென்று தெரிந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்?" இருவருக்கும் பொதுவாக அப்படி ஓர் அச்சாணி அகப்பட்டால், மற்றதை விட்டுவிட்டு அதை மட்டும் ஆராயலாம்.

நான் எடுத்துப்போன கருத்து, சொந்த வீடு இருந்தே ஆக வேண்டும் என்பது. எதிரில் ஒரு செக் நாட்டுக்காரர். பெர்லினில் பெரும்பாலானோர் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள், அவரும் அப்படியே. வட்டி, பராமரிப்புச் செலவு, விலையேற்றம் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் கணக்கு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் என் மனசு ஒரு இஞ்சுகூட நகரவில்லை. அதை அவர் கவனித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்போ பணம் உங்கள் அச்சாணி இல்லையே?" சரிதான், இல்லை. நான் ஏழாவது படிக்கும்போது வீட்டுக்காரர் பத்து நாளில் காலி செய்யச் சொல்ல, அப்பா மாட்டு வண்டியில் பீரோவை ஏற்றினார். கண்ணாடி உடைந்தது. நான் பயந்தது அந்தப் பத்து நாளுக்கு. "ஜெர்மன் சட்டத்தில் அப்படித் திடீரென்று வெளியேற்ற முடியுமா?" என்பதுதான் எங்கள் இருவருக்கும் பொதுவான கேள்வி என்று அப்போதுதான் தெரிந்தது. தேடிப் பார்த்தோம். வீட்டுக்காரர் சாதாரணமாக நோட்டீஸ் கொடுப்பதற்கே சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும், குறைந்தது மூன்று மாத அவகாசமும் தர வேண்டும்.

இப்படிப் பேசும்போது கண் கலங்கலாம். தயாராக இல்லை என்றால் "இது வேண்டாம்" என்று சொல்லி நிறுத்தலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது. மனசுக்குச் சங்கடமாக ஏதாவது நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று முதல் நாளே அமைப்பாளர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகத் தனியாக வரும் பெண்கள். அப்புறம், முகாம் முடிந்த சூட்டோடு வேலையை விடுவது, ஊர் மாறுவது போன்ற பெரிய முடிவு எதையும் இரண்டு வாரத்துக்கு எடுக்காதீர்கள். நான்கு நாள் தூக்கம் குறைந்த தலை அது.

திங்கட்கிழமை ரயிலுக்குக் காத்திருக்கும்போது, எந்தக் கருத்தில் எவ்வளவு மாறினீர்கள் என்பதை, சதவீதமும் தேதியும் போட்டு எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும். நிகோலாசே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதியது: "சொந்த வீடு அவசியம்: 95-இலிருந்து 60." அன்று ராத்திரி அப்பாவுக்கு ஃபோன் போட்டு, அந்தப் பீரோவைப் பற்றிக் கேட்டேன்.