எரிபொருள் விளக்கு எரிந்தபின் கார் எவ்வளவு தூரம் ஓடும்? செட்டிநாட்டுச் சாலைகளுக்கு ஒரு கணக்கு

காரின் முகப்பில் பெட்ரோல் பங்க் படத்துடன் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும்போது, பெரும்பாலான வண்டிகளில் டேங்கின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை எரிபொருள் மீதம் இருக்கும். 37 லிட்டர் கொள்ளும் ஸ்விஃப்ட் போன்ற வண்டியில் இது ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர். 50 லிட்டர் கொள்ளும் கிரெட்டா போன்ற வண்டியில் 5 முதல் 7 லிட்டர். லிட்டருக்கு 14 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் சிறிய வண்டி 55 முதல் 70 கி.மீ. வரை ஓட வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்த முழுத் தூரத்தையும் நம்பிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. அதில் பாதியை, அதாவது சுமார் 30 கி.மீ.யை மட்டுமே கையில் உள்ள தூரமாகக் கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஏன் பாதி, அந்தப் பாதியை உங்கள் வண்டிக்கு எப்படிக் கண்டுபிடிப்பது, விளக்கு எரிந்தபின் எப்படி ஓட்டுவது என்பவற்றைக் கீழே விளக்குகிறேன்.

செட்டிநாட்டில் இந்தக் கணக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம், பொன்னமராவதி ஆகிய ஊர்களில் பங்க்குகளுக்குக் குறைவில்லை. திருச்சி–இராமேஸ்வரம் நெடுஞ்சாலையிலும் அப்படியே. ஆனால் நெடுஞ்சாலையை விட்டு விலகி, கண்மாய்க் கரைகளை ஒட்டி ஊருக்கு ஊர் வளைந்து செல்லும் உட்சாலைகளில் பங்க்குகள் குறைவு. இருப்பவற்றிலும் சில இரவில் மூடப்பட்டுவிடும். செட்டிநாட்டின் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் மேலே சொன்ன ஐந்து ஊர்களில் ஒன்று ஏறத்தாழ 30 கி.மீ.க்குள் வந்துவிடும் என்பதால், பாதிக் கணக்கு இந்த நிலப்பரப்புக்குப் பொருத்தமாகவே அமைகிறது. முழுக் கணக்கை நம்புகிறவர்தான் இரவு பத்து மணிக்குமேல் கருவேலங்காட்டு ஓரத்தில் நின்றுவிடுகிறார்.

விளக்கை எரியச் செய்வது டேங்கினுள் இருக்கும் ஒரு மிதவை. எரிபொருள் குறையும்போது மிதவை இறங்கும். அதனுடன் இணைந்த கம்பி மின்தடையை மாற்றும். அந்த மாற்றத்தைக் கொண்டே முள்ளும் விளக்கும் இயங்குகின்றன. ஆகவே மிதவை இருக்கும் இடத்தின் மட்டத்தைத்தான் விளக்கு காட்டுகிறதே தவிர, டேங்கில் உள்ள லிட்டர் கணக்கை நேரடியாகக் காட்டுவதில்லை. வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்கள் தார்ச்சாலையிலும் மறுபக்கச் சக்கரங்கள் தாழ்ந்த செம்மண் ஓரத்திலும் நிற்கும்போது, எரிபொருள் ஒருபக்கமாக ஒதுங்கி மிதவை ஏறியோ இறங்கியோ காட்டும். வீட்டுவாசல் சரிவில் இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் இயக்கியவுடன் விளக்கு எரியவில்லை என்பதால் எரிபொருள் கூடிவிட்டதாக எண்ண வேண்டாம். சமதளத்தில் ஓரிரு கி.மீ. ஓடிய பிறகு காட்டுவதையே நம்ப வேண்டும். அதேபோல, விளக்கு நிலையாக எரிவதற்குச் சற்று முன்பே வளைவுகளிலும் பிரேக் பிடிக்கும்போதும் ஒரு கணம் எரிந்து அணையும். கணக்கை அந்த முதல் மினுக்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

தொடங்குவது எளிது. விளக்கு எரிந்த உடனேயே, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கிவிடுங்கள். திருமணத்துக்கோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ குடும்பங்கள் கூடும் வீட்டில் இது மிக அவசியமான பழக்கம். சென்னையிலிருந்து புறப்பட்டு வருகிறவர்களுக்குப் புதுக்கோட்டையைத் தாண்டியபின் விளக்கு எரியும். ‘ஊருக்குத்தான் வந்தாயிற்றே’ என்று அப்படியே கானாடுகாத்தானுக்கோ பள்ளத்தூருக்கோ வந்து வண்டியை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலையில் பூ வாங்க ஒருவர், இரயிலில் வருகிறவரை அழைத்துவர இன்னொருவர், ஐயரை அழைத்துவர மற்றொருவர் என்று அதே வண்டியை எடுத்துச் செல்வார்கள். விளக்கு எரிந்து எத்தனை கி.மீ. ஆயிற்று என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ட்ரிப் மீட்டர் சுழியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தால் அடுத்து ஏறுகிறவருக்கு அந்த எண்ணே சொல்லிவிடும். வீட்டில் ஓட்டுநர் இருந்தால், ‘ஆச்சி, லைட் எரியுது, முதல்ல பங்க்குக்குப் போயிட்டு வந்துடுறேன்’ என்று அவர் தயங்காமல் சொல்வதற்கு இடங்கொடுங்கள். எத்தனை வேலை காத்திருந்தாலும் அதுவே முதல் வேலை.

உங்கள் வண்டியின் உண்மையான மீதத்தைக் கண்டறியும் முறை இது. விளக்கு நிலையாக எரிந்ததும் அருகிலுள்ள பங்க்குக்கு நேராகச் சென்று, சமமான தரையில் நிறுத்தி, குழாய் முதல்முறை தானாக நிற்கும்வரை நிரப்பச் சொல்லுங்கள். அதற்குமேல் ‘ரவுண்டாக’ப் போடச் சொல்லாதீர்கள்; அது கணக்கையும் கெடுக்கும், எரிபொருள் ஆவியைச் சேமிக்கும் அமைப்பையும் கெடுக்கும். வண்டியின் கையேட்டில் உள்ள டேங்க் கொள்ளளவிலிருந்து ரசீதில் உள்ள லிட்டரைக் கழியுங்கள். 37 லிட்டர் டேங்கில் 31.5 லிட்டர் பிடித்திருந்தால், பங்க்கை அடைந்தபோது மீதம் 5.5 லிட்டர். விளக்கு எரிந்த இடத்திலிருந்து பங்க் வரை ஓடிய தூரத்துக்கான எரிபொருளை இதனுடன் கூட்டிக்கொள்ளலாம். கூட்டாமல் விட்டால் கணக்கு இன்னும் பாதுகாப்பானதாக இருக்கும், நான் கூட்டுவதில்லை. இதைச் சில முறை செய்து பார்த்து, கிடைத்த எண்களில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியை எடுப்பது இங்கே பயனற்றது. ஒருமுறை குறைந்தாலும் வண்டி நின்றுவிடும்.

அந்தச் சிறிய எண்ணிலிருந்து ஒரு லிட்டரைக் கழித்துவிடுங்கள். டேங்கின் அடியில் உள்ள கடைசிப் பகுதியைப் பம்ப் எப்போதும் முழுமையாக உறிஞ்சிவிடுவதில்லை. 5.5 என்பது 4.5 ஆகும். இதை உங்கள் வண்டியின் மிகக் குறைந்த மைலேஜால் பெருக்க வேண்டும். விளம்பரத்தில் கண்டதையோ, திருச்சிச் சாலையில் ஒரே சீராக வந்தபோது கிடைத்ததையோ எடுக்கக் கூடாது. காரைக்குடிக் கடைவீதியிலும் ஊர்ச்சாலைகளிலும் ஏசியுடன் ஓட்டும்போது கிடைப்பதை எடுக்க வேண்டும். அது 13 என்றால் 58 கி.மீ. பாதி 29. இதுதான் உங்கள் வண்டியின் எண். ஒரு சிறு காகிதத்தில் எழுதி முகப்பில் ஒட்டிவைத்தால் வண்டியை எடுக்கும் எல்லோருக்கும் பயன்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே வண்டியில் கண்ட மைலேஜை இப்போது எதிர்பார்க்க முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், கலவையின் எரிசக்தி 6 முதல் 7 விழுக்காடு குறைகிறது. பழைய அனுபவத்தை வைத்து ‘விளக்கு எரிந்தபின் 60 கி.மீ. வரும்’ என்று சொல்கிறவர், அந்த நினைவிலிருந்து நான்கைந்து கி.மீ.யைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு, நின்றபடி ஓடும் இன்ஜினால் ஏற்படுகிறது. நகரத்தார் சமூகத்தின் ஒன்பது கோயில்களையும் ஒரே நாளில் தரிசிக்கும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று சுற்றும்போது, ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் இடையிலான தூரம் பெரிதாக இருப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு கோயில் வாசலிலும், நடக்க இயலாத பெரியவர்கள் உள்ளே அமர்ந்திருக்க, ஏசிக்காக இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். சிறிய பெட்ரோல் வண்டி கூட ஏசியுடன் நின்றபடி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். மூன்று மணி நேரம் இப்படி நின்றால் 3 லிட்டர். அதாவது ட்ரிப் மீட்டரில் ஒரு கி.மீ. கூடக் கூடாமலேயே உங்கள் மீதத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆகவே இத்தகைய நாளில் கி.மீ. கணக்கை மட்டும் பார்க்காமல், நின்ற ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் 3 கி.மீ. ஓடியதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் நாட்களில், திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியே செல்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். நடப்பவர்களுக்கு வழிவிட்டு முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்ந்து செல்லும் வண்டியில் வழக்கமான மைலேஜ் கிடைக்காது. அந்த நாட்களில் விளக்கு எரியும் நிலையில் அந்தச் சாலையில் நுழையவே வேண்டாம்.

புதிய வண்டிகளின் திரையில் ‘இன்னும் இத்தனை கி.மீ. ஓடும்’ என்று ஓர் எண் வருகிறது. அது அண்மையில் ஓடிய ஓட்டத்தின் சராசரியை வைத்து மதிப்பிடப்படுவது. நெடுஞ்சாலையில் 70 காட்டியது, ஊருக்குள் நுழைந்து சற்று நேரம் நின்றபின் 50 காட்டும். பல வண்டிகளில் மீதம் மிகவும் குறைந்ததும் எண்ணே மறைந்து வெறும் கோடுகள் மட்டும் தெரியும். அந்த எண்ணை ஒரு துணைக்குறிப்பாக மட்டும் கொள்ளலாம்.

விளக்கு எரிந்து, பங்க் இன்னும் தொலைவில் இருக்கிறது என்றால், எந்தப் பங்க்குக்குச் செல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். போகும் திசையில் உள்ளதைவிடப் பின்னால் கடந்துவந்தது அருகில் என்றால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். கைபேசி வரைபடம் காட்டும் உட்சாலைப் பங்க்கை இரவில் நம்பிச் செல்லும் முன், அதன் எண்ணுக்கு ஒருமுறை அழைத்துத் திறந்திருக்கிறதா என்று கேட்பது நல்லது. பிறகு வேகத்தைக் குறைத்து, வண்டி எடுத்துக்கொள்ளும் மிக உயர்ந்த கியரில் மணிக்கு 50 முதல் 60 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்லுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 90 கி.மீ. வேகத்தில் அது 60-இல் இருப்பதைவிட இரண்டே கால் மடங்கு. ‘சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று விரைவதே வழியில் நிற்பதற்குக் காரணமாகும்.

ஏசியை அணைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 20 கி.மீ. தொலைவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் செலவாகும் என்றால், ஏசியை அணைப்பதால் மிஞ்சுவது 150 மில்லி அளவுக்குத்தான் வரும். அது இரண்டு கி.மீ. தூரம். சித்திரை வெயிலில் வயதானவர்களோ கைக்குழந்தையோ வண்டியில் இருந்தால் அந்த இரண்டு கி.மீ.க்காக அவர்களை வாட்ட வேண்டாம்.

இன்னொரு தவறான பழக்கத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் இன்ஜினையே அணைத்துவிடுவதும் ஆபத்தானவை. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி விசை போய்விடும்; சாவியை முழுவதும் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். சேமிப்பும் இல்லை. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினின் சுழற்சி மிகவும் குறையும் வரை எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்கு எரிபொருள் செலவாகும்.

அடிக்கடி விளக்கு எரியும் நிலையிலேயே ஓட்டினால் என்ன கெடும்? எரிபொருள் பம்ப் டேங்கினுள்ளேயே இருக்கிறது. அதைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள எரிபொருள்தான். மட்டம் குறையக் குறையப் பம்ப் சூடேறி அதன் ஆயுள் குறையும். பெட்ரோல் விட்டுவிட்டு வரும்போது இன்ஜின் திணறி, சரியாக எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றியைச் சுட்டுக் கெடுக்கும். அதை மாற்றும் செலவு ஒரு முழு டேங்க் பெட்ரோலின் விலையைவிடப் பல மடங்கு. டீசல் வண்டியில் இது இன்னும் கடுமை. உயர் அழுத்தப் பம்ப்புக்கு டீசலே மசகு. வறண்டு ஓடினால் தேய்ந்துவிடும், குழாய்களில் காற்றும் புகுந்துவிடும். டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் பாதிக் கணக்கையும் மேலும் குறைத்து, விளக்கு எரிந்த 20 கி.மீ.க்குள் நிரப்பிவிட வேண்டும்.

சிஎன்ஜி வண்டிக்காரர்கள் பெட்ரோல் விளக்கைப் பொருட்படுத்துவதில்லை. பல வண்டிகள் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். சிஎன்ஜி நிரப்பும் இடங்களும் பெட்ரோல் பங்க்குகளைவிட மிகக் குறைவு. பெட்ரோல் டேங்கில் எப்போதும் ஐந்து லிட்டராவது இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி திணறத் தொடங்கினால், அது உருண்டுகொண்டிருக்கும்போதே இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, எதிரொளிக்கும் முக்கோணத்தை ஐம்பதடி தூரமாவது பின்னால் வையுங்கள். நெடுஞ்சாலையில் அதைவிடத் தள்ளி வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களை இறக்கிச் சாலையை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். குடிநீர் பாட்டிலில் பல பங்க்குகள் பெட்ரோல் தரமாட்டார்கள். தந்தாலும் வாங்கக் கூடாது. இறுக மூடும் சரியான கேனுடன் யாரையாவது அனுப்புங்கள். முன்னெச்சரிக்கை என்று கேனில் பெட்ரோலை டிக்கியில் வைத்துக்கொண்டு இந்த வெயிலில் சுற்றவும் வேண்டாம்.

ஒரு லிட்டர் ஊற்றினால் வண்டி கிளம்பாமல் போகலாம். பெட்ரோல் வண்டிக்கு மூன்று லிட்டரும் டீசல் வண்டிக்கு ஐந்து லிட்டரும் ஊற்றுவது நல்லது. ஊற்றியபின் உடனே ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ‘ஆன்’ நிலையில் சில விநாடிகள் வைத்து அணைப்பதை மூன்று முறை செய்தால், பம்ப் எரிபொருளைக் குழாய்களில் நிரப்பும். பொத்தான் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் இதே நிலை கிடைக்கும். டீசல் வண்டியில் கைப்பம்ப் இருந்தால் அது இறுகும்வரை அழுத்துங்கள். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து பத்து விநாடிக்குமேல் சுழற்றாமல், இடையில் சற்று ஓய்வு கொடுங்கள். வண்டி கிளம்பியதும் நேராகப் பங்க்குக்குச் சென்று நிரப்பிவிட்டு, இன்ஜின் விளக்கு எரிந்தபடியே இருந்தாலோ ஓட்டத்தில் தடுமாற்றம் தெரிந்தாலோ மெக்கானிக்கிடம், எரிபொருள் வற்றி நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிக் காட்டுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் பம்ப்பையும் ஃபில்ட்டரையும் முதலில் பார்ப்பார்.