லிங்க் செய்வதற்கு முன் பெயரை முடிவு செய்யுங்கள்: யூடிஎம் முதல் பாடம்

ஒரு துணிக்கடை தீபாவளிக்கு வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், மின்னஞ்சல் மூன்றிலும் ஒரே லிங்க்கை அனுப்புகிறது. நாற்பது ஆர்டர் வருகிறது. எது கொண்டுவந்தது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் லிங்க்கின் வாலில் யூடிஎம் (UTM) குறியீட்டை ஒட்டுகிறோம். இதன் முதல் எழுத்து அர்ச்சின் என்ற நிறுவனத்தைக் குறிக்கும். 2005இல் கூகுள் அதை வாங்கியது. தளத்துக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் பிறந்தது அதிலிருந்துதான்.

1. முதலில் ஒரு ஷீட்

மூன்று நெடுவரிசை போதும், ஒரு குறியீட்டுக்கு ஒன்று. சோர்ஸ்: ஆள் எங்கிருந்து வந்தார். மீடியம்: எந்த வகையில் வந்தார். கேம்பெயின்: எதற்காக அனுப்பினோம். டெர்ம், கன்டென்ட் என்று இன்னும் இரண்டு குறியீடுகள் உண்டு, அவற்றை அப்புறம் பார்க்கலாம்.

2. சொற்களைப் பூட்டுங்கள்

முக்கால்வாசி வேலை இதுதான். ஒருமுறை நாங்கள் மூன்று பேர் ஒரே விளம்பரத்துக்கு லிங்க் போட்டோம். ஒருவர் ஃபேஸ்புக்கின் முதல் எழுத்தைப் பெரிதாக அடித்தார், இன்னொருவர் எல்லாமே சிறிய எழுத்தில், நான் எஃப்பி என்று சுருக்கினேன். ரிப்போர்ட்டில் மூன்று தனி வரிகள்! அனலிட்டிக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. அதனால் எல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, இடைவெளிக்குப் பதில் சிறு கோடு.

மீடியத்துக்கு ஈமெயில், சோஷியல், சிபிசி (cpc, கிளிக்குக்குக் காசு கொடுக்கும் விளம்பரம்) போன்ற வழக்கமான சொற்களையே வையுங்கள். நம் இஷ்டத்துக்கு வைத்தால் அந்த வருகைகள் எந்த வகையிலும் சேராத ‘அன்அசைன்டு’ குவியலில் போய் விழலாம்.

கேம்பெயின் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: 2026-11-deepavali. அடுத்த வருடம் தேடும்போது தானாக வரிசையில் நிற்கும்.

3. லிங்க்கைக் கட்டுங்கள்

பக்க முகவரிக்குப் பின் கேள்விக்குறி, அப்புறம் முதல் குறியீடு (utm_source=facebook போல). அடுத்தடுத்த குறியீடுகளுக்கு இடையில் ஆம்பர்சாண்ட் (&). முகவரியில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் இரண்டாவது போடாதீர்கள், ஆம்பர்சாண்டிலேயே தொடருங்கள். ஹேஷ் குறி (#) இருந்தால் குறியீடு அதற்கு முன்னால் வர வேண்டும்.

4. அனுப்பும் முன் அழுத்திப் பாருங்கள்

போனில் லிங்க்கைத் திறந்து, பக்கம் வந்தபின் முகவரியில் வால் இருக்கிறதா பாருங்கள். வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் சில ரீடைரக்ட்கள் அதை வெட்டிவிடும். சரி, இருக்கிறதென்றால் அனலிட்டிக்ஸின் ரியல்டைம் ரிப்போர்ட்டில் உங்கள் வருகை தெரிகிறதா பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், போன் எண், மின்னஞ்சல் முகவரி எதையும் குறியீட்டில் வைக்காதீர்கள். கூகுளின் விதியும் அதைத் தடுக்கிறது. உங்கள் தளத்துக்குள்ளேயே இருக்கும் பேனர்களுக்கும் யூடிஎம் வேண்டாம். இன்ஸ்டாகிராம் அழைத்துவந்த ஆளின் கணக்கு முகப்புப் பேனருக்குப் போய்விடும்.