முதுகலைத் தேர்வுக்குப் படிக்க உட்காரவே முடியவில்லையா? இங்கிருந்து தொடங்குங்கள்

முதுகலை முதல் பருவத்தில் நான் படித்ததைவிடப் படிக்கத் தயாரானதுதான் அதிகம். கால அட்டவணைக்கு நாலு நிறத்தில் பேனா வாங்கினேன். ஆய்வுக் கட்டுரைகளை டவுன்லோடு செய்து, பெயர் மாற்றி, அழகாக அடுக்கினேன். சேர்ந்தது அறுபது, படித்தது ஐந்து. நாள் முழுக்க உழைத்த களைப்பு வேறு!

தள்ளிப்போடுவதைச் சோம்பல் என்று நினைத்துத்தான் நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது சோம்பல் இல்லை. 'இது எனக்குப் புரியாமல் போய்விடுமோ' என்ற சங்கடத்திலிருந்து நழுவும் வழி. அதனால் மனஉறுதியை வளர்க்கப் பாடுபடுவதைவிட, அந்தச் சங்கடத்தைச் சின்னதாக்குவது சுலபம்.

படி 1: பழைய வினாத்தாளை முதலில் எடுங்கள்
பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். மூன்று நான்கு வருட வினாத்தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த அலகிலிருந்து என்ன மாதிரி கேட்கிறார்கள் என்று பிடிபடும். பதில் தெரியாத கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியல் அதுதான்.

படி 2: வேலையை உடையுங்கள்
'புள்ளியியல் படிக்கணும்' என்று எழுதி வைத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. 'காலை ஏழு மணிக்கு, அதே மேசையில், மூன்றாம் அலகில் இரண்டு கணக்கு' என்று எழுதுங்கள். நேரமும் இடமும் சேர்ந்தே இருக்கட்டும்.

படி 3: 25 நிமிடம் மட்டும்
1980களின் பிற்பகுதியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரிலோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய முறை இது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. போன் அடுத்த அறையில். 25 நிமிடமும் மலையாகத் தெரிகிற நாளில் நான் பத்து வைத்துக்கொள்வேன், தப்பில்லை.

படி 4: புத்தகத்தை மூடுங்கள்
ஒரு பகுதியைப் படித்ததும் மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுதுங்கள். அப்புறம் திறந்து, விட்டதைச் சிவப்பில் நிரப்புங்கள். முதல் தடவை தாள் பாதி காலியாக இருக்கும்; அவமானமாகக்கூட இருக்கும். ஆனால் பலன் அங்கேதான். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். மஞ்சள் மார்க்கர் அடித்த பக்கம் 'தெரிந்த மாதிரி' இருப்பதும் தெரிந்திருப்பதும் வேறு வேறு.

படி 5: இடைவெளி விட்டுத் திரும்புங்கள்
அதே கேள்விக்கு மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்காமல் எழுதுங்கள். எண்கள் முன்னே பின்னே இருக்கலாம். ஒரே நாளில் ஏழு தடவை வாசிப்பதைவிட இது மேல். தூக்கத்தைக் கெடுத்து மட்டும் ஈடுகட்டாதீர்கள். படித்தது பதிய அதுவும் வேண்டும்.

ஆய்வேட்டு வேலையும் கூடவே ஓடுகிறதென்றால், தெளிவாக இருக்கும் நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று வாரத் தொடக்கத்திலேயே முடிவெடுங்கள். தினமும் யோசித்தால் அதிலேயே பொழுது போய்விடும்.

சரி, இன்றைக்கு மேசையை விட்டு எழும் முன் நாளைய முதல் கேள்வியை ஒரு சீட்டில் எழுதி, மூடிய புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போங்கள்.