ஒரு ஆவணப்படத்தை ஆழ்ந்து பார்ப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

பிற நாட்டு ஆவணப்படங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது ஒரு பட்டியலை. பட்டியல் எங்கும் கிடைக்கும். பார்க்கப் பழகுவதுதான் கடினம். கேள்விப்பட்டிராத ஊரில், நமக்குப் புரியாத மொழி பேசும் ஒருவருடைய வாழ்க்கை ஒன்றரை மணி நேரத்தில் நம் முன் விரிகிறது. படம் முடியும்போது அவரை நன்றாகத் தெரிந்துகொண்டுவிட்டதாகத் தோன்றுகிறது. நமக்குத் தெரிந்ததோ, இன்னொருவர் தேர்ந்தெடுத்துக் காட்டிய பகுதி மட்டுமே. அவர் எதைத் தேர்ந்தெடுத்தார், எதற்காக, படத்தில் இருக்கும் மனிதருக்கு அந்தத் தேர்வில் பங்கு இருந்ததா என்று கேட்கத் தெரிந்துகொள்வதே இந்தப் பயிற்சி. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: சிறிய படமாக எடுங்கள்

முதல் படம் அரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். நீளமான படத்தை இரண்டாம் முறை பார்க்கப் பொறுமை இருக்காது; இந்தப் பயிற்சிக்கு இரண்டாம் முறைதான் உயிர். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தின் இணையதளத்தில் தொடங்கலாம். 1939-இல் உருவான அந்த அமைப்பு, தன் தயாரிப்புகளில் ஆயிரக்கணக்கானவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது.

இந்த விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 1935-இல் பிரிட்டனில் வெளிவந்த 'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்'. கால் மணி நேர அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம். லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் இடிந்து விழும் நிலையிலிருந்த வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களைப் பற்றியது. நீங்கள் வேறு படத்தை எடுத்தாலும் படிகள் இவையே.

படி 2: பார்ப்பதற்கு முன் நான்கே விவரங்கள்

ஆண்டு, இடம், எடுத்தவர், பணம் கொடுத்தவர். இந்த நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இடத்தை வரைபடத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். விமர்சனங்களை இப்போது படிக்க வேண்டாம். படித்தால் அவர்கள் கண்டதையே நீங்களும் காண்பீர்கள்.

நான்கில் பலரும் விட்டுவிடுவது கடைசி விவரத்தை. 'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்' படத்துக்குப் பணம் கொடுத்தது பிரிட்டனின் எரிவாயுத் தொழில் அமைப்பு. பழைய குடியிருப்புகள் போய்ப் புதிய அடுக்குமாடி வீடுகள் வந்தால் எரிவாயு அடுப்புகளும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இதனால் அந்தப் படம் பொய்யாகிவிடாது. வீடுகளின் அவலம் உண்மையானதே. ஆனால் பிரச்சினைக்கு எந்தத் தீர்வு காட்டப்படுகிறது, எந்தத் தீர்வு பேசப்படாமல் போகிறது என்று கவனிக்க இந்த ஒரு தகவல் நம்மைத் தயார்ப்படுத்துகிறது. வாடகை யார் கையில் போகிறது, வீட்டு உரிமையாளர் யார் என்ற கேள்விகளுக்குப் படம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பாருங்கள்.

படி 3: முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள்

குறிப்பு எடுக்க வேண்டாம், கைபேசி வேண்டாம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், கோபம் வந்தால் கோபப்படுங்கள். படம் முடிந்ததும் மனத்தில் முதலில் நிற்கும் மூன்று காட்சிகளை மட்டும் எழுதிவையுங்கள். பின்னால் வரும் படிகளில் பிரித்துப் பார்க்கப்போவது அவற்றைத்தான்.

படி 4: இரண்டாம் முறை குரலைப் பின்தொடருங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். நோட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்றில், படத்தில் வாழ்பவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்பவை. மற்றதில், அவர்களைப் பற்றி மற்றவர்கள் சொல்பவை: பின்னணிக் குரல், அதிகாரி, நிபுணர், திரையில் தோன்றும் எழுத்து.

'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்' இந்த வகையில் ஒரு முன்னோடி. ஒலிப்பதிவுக் கருவிகளைச் சுமந்து செல்வதே பெரும்பாடாக இருந்த காலத்தில், குடியிருப்பவர்களின் வீட்டுக்கே கேமராவைக் கொண்டுபோய், அவர்கள் நேராகப் பார்த்துப் பேச வழிசெய்தார்கள். வீட்டுக்குள் வந்த எலியைத் துரத்திய கதையை ஒரு பெண் சொல்லும் இடம், எந்தப் புள்ளிவிவரமும் செய்ய முடியாததைச் செய்கிறது. அதே படத்தில் உள்ளாட்சி உறுப்பினர் ஒருவரும் பேசுகிறார். குடியிருப்பவர்கள் தாங்கள் பட்டதைச் சொல்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர் விளக்குகிறார். யார் துன்பத்தைச் சொல்ல அழைக்கப்படுகிறார், யார் தீர்வைச் சொல்ல அழைக்கப்படுகிறார் என்ற இந்தப் பிரிவினையை இன்று வரும் படங்களிலும் தேடுங்கள். பஞ்சம், போர், அகதிகள் பற்றிய படங்களில் இது அடிக்கடி கண்ணில் படும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் கருத்து உண்டு, அரசியல் உண்டு, திட்டம் உண்டு. அதைக் கேட்காத படம் அவர்களைப் பாதியாகத்தான் காட்டுகிறது.

சப்டைட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருவர் மூச்சுவிடாமல் நீளமாகப் பேசுகிறார். கீழே ஒற்றை வரி வந்து போகிறது. மீதி எங்கே? நமக்குத் தெரியப்போவதில்லை. குறைந்தபட்சம் அந்த இடத்தை நோட்டில் குறித்துவைக்கலாம்.

படி 5: ஒலியை நிறுத்தி ஐந்து நிமிடம், படத்தை மறைத்து ஐந்து நிமிடம்

முதல் முறை உங்களைக் கலங்கவைத்த காட்சியை ஒலியில்லாமல் பாருங்கள். கலக்கம் குறைந்தால், உங்களை அசைத்ததில் இசைக்குப் பெரிய பங்கு இருந்திருக்கிறது. குறையாவிட்டால் காட்சி தன் பலத்திலேயே நிற்கிறது. பிறகு திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள்.

2019-இல் வந்த, வடக்கு மாசிடோனியாவின் மலைக் கிராமத்தில் காட்டுத் தேன் எடுக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய 'ஹனிலேண்ட்' இந்தப் பயிற்சிக்கு மிக ஏற்ற படம். அங்கே பேசப்பட்ட பழைய துருக்கிய வட்டார வழக்கு படக்குழுவினருக்கே புரியவில்லை. அதனால் முதற்கட்டப் படத்தொகுப்பைக் காட்சிகளை மட்டும் நம்பிச் செய்தார்கள். முகம், கை, வெளிச்சம், நடை இவற்றைக் கொண்டே கதை நகர்வதை ஒலியில்லாமல் பார்க்கும்போது உணர முடியும்.

படி 6: எது நடந்தது, எது நடத்தப்பட்டது?

1922-இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் வாழ்ந்த இனூயிட் எனும் வடதுருவப் பகுதிப் பூர்வகுடி மக்களைப் பற்றியது. நானூக் என்பது அந்த மனிதருடைய உண்மைப் பெயர் அன்று. அவர் பெயர் அல்லாகாரியாலாக். வேட்டைக்குத் துப்பாக்கி பயன்படுத்தத் தொடங்கியிருந்த மக்களை, கேமராவுக்காகப் பழைய ஈட்டி முறையில் வேட்டையாடவைத்தார் இயக்குநர். பனிவீட்டின் உட்புறத்தைப் படமாக்க வெளிச்சம் போதாது என்பதால் ஒரு பக்கம் திறந்த பாதி வீட்டைக் கட்டவைத்தார். பனிவீட்டு விஷயம் வெறும் தொழில்நுட்பத் தேவை. என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடிகிறது. துப்பாக்கியை மறைத்தது வேறு வகை. காலத்தோடு மாறிக்கொண்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்தை மாறாத பழங்குடியாக உலகத்தின் மனத்தில் பதியவைத்த செயல் அது. இதற்கும் பணம் கொடுத்தது ஒரு மென்மயிர்த் தோல் வணிக நிறுவனம்.

மறுபடி நடித்துக் காட்டுவதெல்லாம் மோசடி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1988-இல் வந்த 'தி தின் ப்ளூ லைன்' டாலஸ் நகரப் போலீஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கைப் பற்றியது. சாட்சிகள் சொன்ன ஒவ்வொரு விதமும் தனித்தனியே நடித்துக் காட்டப்படுகிறது. அவை ஒன்றோடொன்று மோதுவதைப் பார்க்கும்போதே வழக்கின் ஓட்டைகள் தெரிந்துவிடுகின்றன. தவறாகத் தண்டிக்கப்பட்டவர் அடுத்த ஆண்டே விடுதலையானார். ஆகவே நோட்டில் எழுத வேண்டிய கேள்வி: இது நடித்துக் காட்டப்பட்டது என்பதைப் படம் என்னிடம் ஒளிக்கிறதா, சொல்கிறதா?

கூடவே காலத்தையும் கணக்கிடுங்கள். சிகாகோவைச் சேர்ந்த இரண்டு கூடைப்பந்து மாணவர்களைப் பின்தொடர்ந்த 'ஹூப் ட்ரீம்ஸ்' (1994) ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் சுமார் 250 மணி நேரம் படம் பிடித்து, அதை மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கியது. ஒரு நீண்ட படப்பிடிப்பில் இன்று எடுத்த முகமும் மறு வாரம் எடுத்த சொல்லும் அடுத்தடுத்து வைக்கப்படலாம். உடைகள், தாடி, சுவரில் விழும் வெயில் ஆகியவை மாறுகின்றனவா என்று பார்த்தால், காட்சிகளை வெட்டி ஒட்டிய இடங்கள் சிலவற்றைப் பிடித்துவிடலாம்.

படி 7: படத்தில் இருப்பவர்கள் அந்தப் படத்தைப் பற்றி என்ன சொன்னார்கள்?

இப்போது விமர்சனங்களைப் படிக்கலாம். அவற்றைவிட முக்கியமாக, படமாக்கப்பட்டவர்களின் பதிலைத் தேடுங்கள்.

உத்தரப் பிரதேசத்தின் 'கபர் லஹரியா' இதழின் பெண் செய்தியாளர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' 2022-இல் ஆஸ்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. விருது விழாவுக்குச் சற்று முன், தங்கள் பணியின் ஒரு பகுதியையே முழுப் பணி போலக் காட்டி, படம் தங்களைத் தவறாகச் சித்திரிக்கிறது என்று அந்த இதழே அறிக்கை வெளியிட்டது. படத்தையும் அறிக்கையையும் சேர்த்துப் படிப்பவருக்கு, எந்தப் பாடநூலும் தராத தெளிவு கிடைக்கும்.

சம்மதம் என்பது எளிய விஷயமாக இருப்பதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளிகளை அடைத்துவைத்த நிலையத்தில் எடுக்கப்பட்ட 'டிட்டிகட் ஃபாலீஸ்' (1967) 1991 வரை பொதுமக்களுக்குத் திரையிடப்பட முடியாமல் நீதிமன்றத் தடையில் இருந்தது. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கவே தடை என்றது அரசுத் தரப்பு. தன் நிலையத்தில் நடந்த கொடுமையை மூடவே அரசு அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டது என்றார்கள் எதிர்த்தரப்பினர். இரண்டு வாதத்திலும் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. உங்கள் முடிவை எழுதிப் பாருங்கள். எழுத எழுதத்தான் எவ்வளவு சிக்கல் என்று புரியும்.

வேறு வழியும் உண்டு என்பதற்கு 1967-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்த ஃபோகோ தீவில் நடந்த பணி சாட்சி. தீவு மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் யோசனை நிலவிய நேரம் அது. நான் முன்பு சொன்ன கனடிய வாரியத்தின் குழு அங்கே போய்க் குறும்படங்கள் பலவற்றை எடுத்தது. எடுத்தவற்றை முதலில் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே வெளியே கொண்டுபோனார்கள். ஊருக்கு ஊர் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த மீனவர்கள் திரையில் ஒருவர் பேசியதை மற்றவர் கேட்டார்கள். பிறகு கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தீவிலேயே தங்கினார்கள்.

படி 8: அதே விஷயத்தைப் பற்றி இன்னொரு படம்

ஒரு படத்தை மட்டும் பார்த்தால் அதன் முடிவுகள் இயல்பானவை போலவே இருக்கும். இரண்டாவது படத்தை அருகில் வைத்தால்தான் வேறு வழியும் இருந்தது என்று தெரியும்.

நாஜி முகாம்களைப் பற்றிய 'நைட் அண்ட் ஃபாக்' 32 நிமிடம். வெறிச்சோடிய முகாம்களை வண்ணத்திலும், பழைய ஆவணக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையிலும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. இறந்த உடல்களின் காட்சிகள் உண்டு. குழந்தைகள் இருக்கும் அறையில் பார்க்க வேண்டாம். அதே கொடுமையைப் பற்றி 1985-இல் வந்த 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் பழைய ஆவணக் காட்சி ஒன்றுகூட இல்லை. உயிர் தப்பியவர்கள், உடந்தையாக இருந்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் பேசுகிறார்கள்; படம் எடுக்கப்பட்ட காலத்தில் அந்த இடங்கள் இருந்த தோற்றம் காட்டப்படுகிறது, அவ்வளவே.

முதல் படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு ஒரு நாள் இடைவெளி விடுங்கள். பிறகு 'ஷோவா'வின் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் பாருங்கள். மீதியைப் பல நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். நோட்டில் அரைப் பக்கம் ஒதுக்கி, உடல்களைக் காட்டுவது என்ற முடிவுக்கும் காட்டாமலே பேசவிடுவது என்ற முடிவுக்கும் என்ன காரணம் இருந்திருக்கும் என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள்.