ரீலில் பிரெய்டு நூல் ஏற்றும்போது நேரும் தவறுகள்

மழைக்காலம் முடிந்து கடல் தணிந்திருந்த ஒரு மாலை. மும்பையின் பாந்த்ரா பாறைகளில் எனக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்த தம்பியின் தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. தாராவியிலிருந்து ஞாயிறுதோறும் வருபவர். இங்கே ராவஸ் என்று விற்கும் காலா மீனாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் ரீலைச் சுற்றுகிறார், கைப்பிடி சுழல்கிறது, ஆனால் நூல் ஏறவில்லை. மீன் இழுக்கும்போது நூலுக்குத் தடை கொடுக்கும் டிராக் திருகை இறுக்கினார், மேலும் இறுக்கினார். மீன் தன் போக்கில் போய், கடைசியில் முள்ளையும் உதறிவிட்டது. "டிராக் கெட்டுவிட்டது அண்ணே. ரீல் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே வருத்தமாக இருந்தது.

ரீலை வாங்கி, டிராக்கை முழுக்க இறுக்கி, நூலைத் துணியால் பற்றி இழுத்துப் பார்த்தேன். ரீலில் நூலைத் தாங்கும் ஸ்பூல் அசையவே இல்லை. அதன்மேல் சுற்றியிருந்த நூல் மொத்தமும் கையில் தளர்ந்த வளையலைப் போல ஒரே கட்டாகச் சுழன்றது. டிராக்கில் எந்தக் கோளாறும் இல்லை. பிரெய்டு என்ற பின்னல் நூலை வழவழப்பான உலோக ஸ்பூலில் நேராகக் கட்டியிருந்தார். நானும் முதல் முறை அப்படித்தான் கட்டினேன். நைலான் நரம்பில் பழகிய கை வேறெப்படிக் கட்டும்?

எங்கள் ஊர்ப்பக்கம் தங்கூஸ் நரம்பை ஒரு மரக்கட்டையில் எப்படிச் சுற்றினாலும் அது பிடித்துக்கொள்ளும். நைலான் இழுத்தால் நீளும், அழுத்தினால் சற்றுத் தட்டையாகும். அதனால் முடிச்சு ஸ்பூலைக் கவ்விக்கொள்கிறது. பிரெய்டு வேறு வகைப் பொருள். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் மிக நீண்ட மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னி அதைச் செய்கிறார்கள். அதன் அடர்த்தி 0.97, ஆகவே தண்ணீரில் மிதக்கும். நீட்சி மிகக் குறைவு. தண்ணீரை உறிஞ்சாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழுக்கும். மெல்லிய நூலில் பெரிய பலம், மீன் இரையைத் தொட்டவுடன் கைக்கு எட்டும் உணர்வு என்று நாம் எதற்காக அதை வாங்குகிறோமோ, அதே குணங்கள்தான் ஸ்பூலில் கட்டும்போது எதிராக நிற்கின்றன.

ஆகவே முதலில் அடிநூல் வேண்டும். ஸ்பூலில் முதலில் நைலான் நரம்பைக் கட்டிச் சுற்றி, அதன் நுனியில் பிரெய்டை இணைப்பதே எனக்கு நம்பிக்கையான வழி. நரம்பைக் கட்டுவது எளிது. நுனியை ஸ்பூலைச் சுற்றிக் கொண்டுவந்து, நீள்நூலைச் சுற்றி ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். நுனியின் கடைசியில் இன்னொரு முடிச்சு. நீள்நூலை இழுத்தால் முதல் முடிச்சு வழுக்கி ஸ்பூலை நெருக்கும், இரண்டாவது அதில் வந்து முட்டி நிற்கும். அதன்மேல் சிறிய துண்டு டேப்பை ஒட்டிவிட்டால் முடிச்சு மேலே துருத்தாது.

அடிநூல் வேண்டாம் என்பவர்கள் ஸ்பூலின்மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் பிரெய்டைக் கட்டுகிறார்கள். இதுவும் வேலை செய்யும். ஆனால் ஒரு சுற்றுதான். மூன்று நான்கு சுற்று ஒட்டினால் மும்பை வெயிலில் பசை இளகி, டேப்பே நகர ஆரம்பிக்கிறது. சில ரீல்களில் ஸ்பூலின் நடுவே ரப்பர் பட்டை பதித்திருப்பார்கள். அப்படி இருந்தால் பிரெய்டை நேரடியாகவே கட்டலாம். கடையில் கேட்பதைவிட ஸ்பூலை விரலால் தடவிப் பார்ப்பது மேல்.

அடிநூலையும் பிரெய்டையும் சேர்க்கும் முடிச்சில்தான் அடுத்த தவறு. இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுப் போடுகிறார்கள். இரட்டை யூனி முடிச்சு என்றால் நைலான் பக்கம் ஐந்து சுற்றுப் போதும், பிரெய்டு பக்கம் குறைந்தது எட்டுச் சுற்று வேண்டும். குறைந்தால் பிரெய்டு உருவிக்கொண்டு போய்விடும். இறுக்குவதற்கு முன் முடிச்சைத் தண்ணீரில் நனையுங்கள். இந்த இழை சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உலர்ந்த முடிச்சை வேகமாக இழுத்தால் உராய்வுச் சூடே அதைப் பலவீனமாக்கப் போதும். வெளிப்பார்வைக்கு முடிச்சு நன்றாகவே இருக்கும், பெரிய மீன் இழுக்கும் நாளில்தான் அறுபடும்.

நூலை ஸ்பூலுக்கு வழிநடத்தும் பெயில் கம்பியைத் திறக்காமல் நூலைக் கட்டிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் வெட்டி எடுப்பவர்களும் உண்டு. நூல் கோலின் வளையத்துக்குள் வந்து, திறந்த பெயிலைக் கடந்து ஸ்பூலில் கட்டப்பட வேண்டும். பிறகுதான் பெயிலை மூட வேண்டும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

எவ்வளவு அடிநூல் சுற்றுவது என்பதைக் கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான ஸ்பூல்களின் மேலேயே கொள்ளளவு அச்சிட்டிருக்கும். உங்கள் ஸ்பூலில் 0.30 மில்லிமீட்டர் நரம்பு 200 மீட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். தடிமனின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குங்கள்: 0.09 பெருக்கல் 200, அதாவது 18. உங்களிடம் 0.20 மில்லிமீட்டர் பிரெய்டு 150 மீட்டர் இருந்தால் அதற்கு 0.04 பெருக்கல் 150, அதாவது 6. மீதி 12. அதை 0.09-ஆல் வகுத்தால் சுமார் 133 மீட்டர் அடிநூல் கொள்ளும். பிரெய்டு தட்டையாகவும் படியும், பொட்டலத்தில் போட்டிருக்கும் தடிமனும் எப்போதும் துல்லியமாக இருக்காது. ஆகவே நான் பத்து மீட்டர் குறைத்தே சுற்றுவேன். ஜப்பானியப் பொட்டலங்களில் தடிமனுக்குப் பதிலாகப் பி.இ. எண் இருக்கும். பி.இ. 1 என்றால் சுமார் 0.165 மில்லிமீட்டர், பி.இ. 2 என்றால் சுமார் 0.235.

நிறைவு மட்டம் ஸ்பூலின் விளிம்புக்குக் கீழே இரண்டு மில்லிமீட்டர் அளவில் நிற்கட்டும். விளிம்புவரை நிரப்பினால் எறியும்போது பல சுற்றுகள் ஒன்றாகக் கழன்று, காற்றில் ஒரு பறவைக்கூடு போலச் சிக்கும். மிகக் குறைவாக நிரப்பினால் நூல் விளிம்பில் உரசிக்கொண்டே வெளியேறும், எறியும் தூரம் குறையும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் குறைவையே எடுப்பேன். நான்கைந்து மீட்டர் தூரத்தை இழக்கலாம், பாறைமேல் நின்று அரைமணி நேரம் சிக்கைப் பிரிப்பது முடியாத காரியம்.

இப்போது என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் தவறுக்கு வருகிறேன்: தளர்வாகச் சுற்றுவது. முடிச்சைப் பிழையில்லாமல் போட்டவர்கள்கூட இங்கே கோட்டைவிடுகிறார்கள். பிரெய்டு மெல்லியது, கூர்மையானது. அடியில் தளர்வான சுற்றுகள் இருந்தால், மீன் இழுக்கும்போது மேல்நூல் அவற்றுக்கிடையே புதைந்துவிடும். அடுத்த எறிதலில் அந்தப் புதைந்த இடத்தில் நூல் திடீரென்று நிற்கும். கனமான போலி இரை அறுந்து பறக்கும், பக்கத்தில் ஆள் நின்றால் ஆபத்து.

எனவே பிரெய்டை இழுவிசையோடு ஏற்ற வேண்டும். நூல் வந்த சிறு உருளையின் நடுவே ஒரு பென்சிலைச் செருகி, வீட்டில் ஒருவர் இரு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். உருளை தடையோடு சுழல வேண்டும். தரையில் படுக்கவைத்து உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு ஏறும். பிரெய்டில் அந்த முறுக்கு கண்ணுக்குத் தெரியாது, கடற்கரையில் முடிச்சாக முளைக்கும். நீங்கள் கோலின் முதல் வளையத்துக்கும் ரீலுக்கும் நடுவே நூலை ஈரத்துணியால் அழுத்திக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். வெறும் விரலால் பிடிக்கவே கூடாது. இது தோலை அறுக்கும், அறுபட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டு நாள் தூங்க முடியாது.

சயானில் எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் இந்த வேலை நடக்காது. பல குடும்பங்கள் ஓரறை வீடுகளில் வாழும் எங்கள் சால் கட்டடத்தின் பொது நடைகூடத்தில், மதியம் குழந்தைகள் பள்ளிக்குப் போனபின், ஒரு முனையில் மகன் உருளையைப் பிடிக்க, மறுமுனையில் நான் சுற்றுவேன். நீளமான நடைகூடம் கிடைத்தவர்களுக்கு இந்த ஊரில் இது ஒரு வரம்தான். எதிர்வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்பு உயரத்தில் குறுக்கே நிற்கும் மெல்லிய நூல் யார் கண்ணுக்கும் தெரியாது.

அடிநூலுக்கு மட்டும் இந்த இறுக்கம் வேண்டாம். நீட்டிச் சுற்றிய நைலான் பிறகு சுருங்கப் பார்க்கும். நூறு மீட்டரும் சேர்ந்து நெருக்கினால் பிளாஸ்டிக் ஸ்பூல் கோணிவிடும். நரம்புக்கு மிதமான கை, பிரெய்டுக்கு அழுத்தமான கை.

வெட்டுவதற்கு நகவெட்டி உதவாது, இழைகள் பிசிறிக்கொண்டு நிற்கும். கூர்மையான சிறு கத்தரிக்கோலை இதற்கென்றே தனியாக வைத்திருங்கள். வெட்டிய துண்டுகளைத் தயவுசெய்து கடற்கரையில் விடாதீர்கள். இது பாலிஎத்திலீன், மட்காது. 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட தானே கழிமுகத்தில் பூநாரைகள் இறங்கும் சேறும் நாம் தூண்டில் போடும் இதே கடலின் ஓதம் ஏறி இறங்கும் இடம்தான். காலில் நூல் சுற்றிய ஒரு கொக்கை நான் பார்த்திருக்கிறேன். அன்றுமுதல் பையில் ஒரு பழைய மாத்திரைப் புட்டி இருக்கிறது, துண்டு நூல் எல்லாம் அதற்குள் போகும்.

அந்தத் தம்பியின் ரீலுக்கு மறுவாரமே அடிநூல் போட்டோம். பிரெய்டைத் தூக்கி எறியவில்லை. வெறும் உருளை ஒன்றில் ஏற்றி, அதிலிருந்து இன்னொரு உருளைக்கு மாற்றி, பிறகு மறுபடி ரீலில் சுற்றியபோது, இதுவரை தண்ணீரே படாத அடிப்பகுதி மேலே வந்துவிட்டது. பிறகு டிராக்கை முழுக்க இறுக்கி, நூலின் நுனியை நடைகூடத்துக் கம்பியில் கட்டிக் கோலை வளைத்துப் பார்த்தோம். நூல்கட்டு நகரவில்லை. கடலில் முதல் ஐந்து எறிதல்களைப் பாதி வேகத்தில் மட்டும் எறியச் சொன்னேன், நூல் நனைந்து படியட்டும் என்று.