பழைய காசுகளைப் பிரிப்பது எப்படி?

அப்பத்தா விட்டுப்போன தகர டப்பாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன. முதல் நாளே 1944ஆம் ஆண்டு ஓட்டைக் காலணா ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. ஆனால் அத்தனை ஆண்டுகளாக அதன்மேல் படிந்திருந்த பழுப்பு நிறம் போய்விட்டது. அது இனித் திரும்பாது. உங்களிடமும் இப்படியொரு டப்பா இருந்தால், தயவுசெய்து தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, கிராம் காட்டும் சிறு தராசு போதும். மதிப்பு வாரியாகப் பிரிக்கத்தான் கை போகும். நான் உலோகம் வாரியாகப் பிரிக்கச் சொல்வேன். போரும் விலையேற்றமும் காசில் முதலில் தொடுவது உலோகத்தைத்தான்.

ராணி, மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது பழைய எடைக் கணக்கில் ஒரு தோலா. இங்கே தராசை மட்டும் நம்பக் கூடாது. 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர்க்காலமான 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி, எடையோ அதேதான். எனவே ஆண்டைப் பாருங்கள். 1947ஆம் ஆண்டு ரூபாயில் புலி நடக்கும். அது நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அசோகச் சிங்கங்கள் இருந்தால் 1950 அல்லது அதற்குப் பிந்தையது. அணாக் காசுகளைத் தனியே வையுங்கள். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 16 அணா, அதாவது 64 பைசா அல்லது 192 பை என்ற கணக்கு முடிந்து, ரூபாய்க்கு 100 நயா (புதிய) பைசா வந்தது. நாலணா 25, எட்டணா 50 என்று சுளுவாக மாறின. ஓரணா ஆறேகால் ஆனதால் அதை 6 என்றும், மூன்றணாவை 19 என்றும் வைத்துக்கொண்டார்கள். ‘நயா’ என்ற சொல் 1964 ஜூனில் நீங்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பைசாதான். மூன்றைத் தேடி எடுத்து வரிசையாக வையுங்கள்: 1957ஆம் ஆண்டின் செந்நிற வெண்கலம், 1962இல் தொடங்கிய மஞ்சள் நிக்கல் பித்தளை, 1965ஆம் ஆண்டின் சதுர அலுமினியம். முதலாவது ஒன்றரை கிராம். கடைசியானது முக்கால் கிராம், கையில் இருப்பதே தெரியாது.

பிறகு ஆண்டின் கீழே, காசை அச்சிட்ட நாணயச் சாலையின் குறியைப் பாருங்கள். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, ஆனாலும் தூக்கிப் போடாதீர்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, ஆண்டு, உலோகம், நாணயச் சாலை மூன்றையும் எழுதுங்கள். என் ஓட்டைக் காலணாவின் உறையில் ‘புளியால் தேய்க்கப்பட்டது’ என்றும் எழுதியிருக்கிறேன். எனக்குப் பின் எடுத்துப் பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டும்.